ஆங்கில ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பைப் பணி நிறைவு மலருக்கு எழுதும் முறை

மே மாதம் நெருங்கும்போது சேலம் மாவட்டத்துப் பள்ளிகளில் பணி நிறைவுப் பாராட்டு விழா வேலைகள் தொடங்கிவிடும். பொன்னாடை, மாலை, மதிய விருந்து ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்க ஆள் கிடைத்துவிடும்; விழாவையொட்டி அச்சிடும் மலரில் இடம்பெற வேண்டிய வாழ்க்கைக் குறிப்பு மட்டும் பெரும்பாலும் கடைசி வாரத்தில், தமிழாசிரியர் தலையில் வந்து விழும். அவசரத்தில் எழுதப்படும் அக்குறிப்பில் ‘அயராத உழைப்பு’, ‘அர்ப்பணிப்பு உணர்வு’, ‘எளிமையின் சிகரம்’ ஆகிய மூன்றும் தவறாமல் இருக்கும். பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அது கணக்கு ஆசிரியருக்கும் பொருந்தும், வட்டாட்சியர் அலுவலக எழுத்தருக்கும் பொருந்தும். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெறுபவரைப் பற்றி எழுதும்போது, அவர் ஆங்கிலத்தை எவ்வாறு கற்பித்தார் என்பதைச் சொல்லாத குறிப்பு, எத்தனை பக்கம் நீண்டாலும் அவரைப் பற்றியது ஆகாது.

முதலில் ஆண்டுகளைச் சரிசெய்து கொள்ள வேண்டும். நினைவிலிருந்து சொல்லும் ஆண்டுகள் முன்பின்னாக இருக்கும் என்பதால், ஆசிரியரிடம் அனுமதி பெற்று அவருடைய பணிப்பதிவேட்டின் நகலைப் பார்ப்பது நல்லது. பணியில் சேர்ந்த நாள், பணி முறைப்படுத்தப்பட்ட நாள் (பணிவரன்முறை), மாறுதல்கள், ஊதிய நிலை உயர்வுகளான 10 ஆண்டில் பெற்ற தேர்வுநிலை, 20 ஆண்டில் பெற்ற சிறப்புநிலை ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். இவற்றை அப்படியே மலருக்குள் இறக்கிவிடக் கூடாது; இரண்டு வரிக்கு மேல் எவரும் படிக்கப் போவதில்லை. ஆனால், தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்பறையிலேயே இருந்துவிட்டார் என்பது போன்ற செய்தி அதில் தென்பட்டால், அதற்கான காரணத்தை அவரிடமே கேட்டுத் தனிப் பத்தியாக எழுதலாம். தமிழக அரசு ஓய்வு வயதை 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தியது. ஆகவே, 58 வயதில் விடைபெறத் தயாராக இருந்தவர் மேலும் இரண்டு ஆண்டுகளை எவ்வாறு எடுத்துக்கொண்டார் என்பதும் கேட்கத் தக்கதே.

அடுத்து வருவதுதான் மலரின் பெரும்பகுதியைப் பெற வேண்டியது. ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதை அவர் நடத்திய விதத்தை முதலிலிருந்து கடைசி வரை சொல்லச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் பலர் ஆங்கிலச் சொல்லின் தலைமேல் பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொண்டு படிப்பது நம் பள்ளிகளில் அன்றாடக் காட்சி. அதைக் கண்டதும் அழிக்கச் சொன்னாரா, அல்லது முதல் பருவம் வரை அனுமதித்துவிட்டு, வாரத்திற்குச் சில சொற்களாக அவர்களையே அழிக்க வைத்தாரா? நான்கு கோடு நோட்டில் எழுத வைத்தபோது எந்த எழுத்தில் அதிகம் நின்றார்? மனப்பாடப் பாடலை ஒப்பிக்கத் தடுமாறிய மாணவனை நிற்க வைத்தாரா, அல்லது பாதி வரியைத் தாமே தொடங்கிக் கொடுத்தாரா? செயப்பாட்டு வினையையும் அயற்கூற்றையும் கரும்பலகையில் விதியாக எழுதிப் போட்டாரா, அல்லது அம்மாபேட்டைத் தறியையும் ஆத்தூர்ச் சவ்வரிசி ஆலையையும் வைத்து வாக்கியம் அமைத்துக் காட்டினாரா? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளே ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும்.

அவருடைய பழைய பாடக்குறிப்பு ஏடுகள் கிடைத்தால் கைவிட்டுவிடாதீர்கள். தலைமையாசிரியர் கையொப்பத்துக்காக எழுதிய பக்கங்களைக் காட்டிலும், ஓரத்தில் தமக்காகக் கிறுக்கி வைத்த குறிப்புகள்தான் பயன்படும். சமச்சீர் கல்வி 2010-11இல் தொடங்கி மறு ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வந்தபோதும், 2018-19இல் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தபோதும், இரண்டு தாள்களாக இருந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு ஒரே தாளாக மாறியபோதும் அவர் தம் முறையை எந்த அளவுக்கு மாற்றினார் என்பதை அந்த ஏடுகளிலிருந்தே கண்டுகொள்ளலாம்.

அவர் சேர்வராயன் மலையில் பணியாற்றியவர் என்றால், ‘மலைப்பகுதியிலும் சேவை புரிந்தார்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்துவது அநியாயம். தினமும் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் ஏறி இறங்கினாரா, அல்லது ஏற்காட்டிலேயே வீடு எடுத்துத் தங்கினாரா என்பதிலிருந்து தொடங்குங்கள். நவம்பருக்குப் பிறகு காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்தால், பெற்றோருடன் தோட்டத்துக்குப் போகும் பிள்ளைகளின் இருக்கை காலியாகிவிடும். விட்டுப்போன பாடங்களை அவர்களுக்கு எப்போது நடத்தினார், யாரை விட்டு நடத்தச் சொன்னார்? வீட்டில் ஆங்கிலத்தைக் காதால் கேட்கவே வாய்ப்பில்லாத மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கு அவருடைய குரல் ஒன்றுதான் ஆங்கிலம். எனவே, எவ்வளவு மெதுவாக, எத்தனை முறை வாய்விட்டு வாசித்தார் என்பது அங்கே சிறிய செய்தி ஆகாது.

பழைய மாணவர்களிடம் கேட்கும்போது மருத்துவர், பொறியாளர், சென்னையில் மென்பொருள் வேலை பார்ப்பவர் என்ற வரிசையோடு நின்றுவிடுவது வழக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போனவரையும் தேடிப் பிடியுங்கள். ‘டீச்சரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நல்லா நடத்துவாங்க’ என்றுதான் விடை வரும். அவர் கற்றுத் தந்ததில் இன்றைக்கும் வாயில் வரும் ஆங்கில வாக்கியம் எது, எந்த நாளில் அவரிடம் திட்டு வாங்கினீர்கள் என்று குறிப்பாகக் கேட்டால் பேச்சு தானாக நீளும்.

தேர்ச்சி விழுக்காட்டைச் சேர்க்க விரும்பினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொரோனா காரணமாக 2020இலும் 2021இலும் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். அந்த நூறு விழுக்காட்டைச் சாதனைப் பட்டியலில் சேர்த்தால் முதலில் முகம் சுளிப்பவர் அந்த ஆசிரியராகத்தான் இருப்பார். குடும்பத்தைப் பற்றி அவர் சொல்ல அனுமதிக்கும் அளவோடு ஒரு பத்தி போதும்.

எழுதி முடித்ததும் முழுக் குறிப்பையும் அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு அச்சகத்துக்கு அனுப்புங்கள். பாராட்டு விழா வரை அவருக்குத் தெரியாமல் வைத்திருப்போம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு இணங்க வேண்டாம். பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றில் நேரும் பிழைகளை அவரால்தான் திருத்த முடியும். மலரில் ஆங்கில வாழ்த்துகள் ஏதேனும் இடம்பெற்றிருந்தால் அவற்றின் மெய்ப்பையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். எப்படியும் விழா மேடையில் உட்கார்ந்து கொண்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவர் திருத்தத்தான் போகிறார்.