முகவாயில் சிலிக்கோன் வைத்தவர்கள் எலும்பைக் கண்காணிப்பது எப்படி?

நான் பல் டாக்டர். முகவாயை எடுப்பாக்க சிலிக்கோன் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர்கள் பலர் அதை என்னிடம் சொல்வதே இல்லை. பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு. சம்பந்தம் இருக்கிறது, முதலில் சொல்லிவிடுங்கள்.

இம்ப்ளாண்டுக்கு அடியில் எலும்பு கரைவது 1960களிலேயே பதிவான விஷயம். முகவாய்த் தசை இறுகும்போதெல்லாம் சிலிக்கோன் எலும்பின் மேல் அழுந்துகிறது. முகவாயின் அடிவிளிம்பில் எலும்பு கெட்டி, அங்கே உட்கார்ந்தால் சேதம் குறைவு. மேலே நழுவிக் கீழ் முன்பற்களின் வேர்ப்பக்கம் போனால்தான் வம்பு.

பெரும்பாலும் வலி இருக்காது. அதனால் பக்கவாட்டில் எடுக்கும் செஃபலோகிராம் எக்ஸ்ரேயை ஆபரேஷனுக்கு முன் ஒன்று, பின் ஒன்று, ஓராண்டு கழித்து ஒன்று என எடுத்து, மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். கரைந்திருந்தால் எலும்பின் முன்விளிம்பில் கரண்டியால் வழித்தது போல ஒரு குழிவு தெரியும். தாடை முழுவதையும் ஒரே படமாக விரித்துக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள், இந்தக் குழிவு அதில் பிடிபடாது. சந்தேகம் என்றால் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன்.

ஆழம் குறைவு, அப்புறம் கூடவும் இல்லை என்றால் கவனித்து வந்தால் போதும். கீழ் முன்பற்களில் கூச்சமோ ஆட்டமோ வந்தாலும், முகவாய் உள்வாங்கியது போலத் தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். குழிவு வேரை நெருங்கினால் இம்ப்ளாண்டை எடுக்க வேண்டியிருக்கும். வெறுமனே எடுத்தால் முகவாய்ச் சதை தொய்யலாம். சொந்த எலும்பையே வெட்டி முன்னே நகர்த்திப் பொருத்தும் ஜீனியோபிளாஸ்டி சரிவருமா என்று சர்ஜனிடம் அப்போதே கேளுங்கள்.