டார்க் ரெஞ்ச் சரியாகக் காட்டுகிறதா? வைஸும் எடையும் போதும்

டார்க் ரெஞ்ச் என்பது, நட்டை இறுக்கும் முறுக்கு விசை நாம் வைத்த அளவை எட்டியதும் 'கிளிக்' என்று ஒலிக்கும் ஸ்பேனர். முதலில் அதை உச்ச அளவில் வைத்து ஐந்து முறை கிளிக் செய்துவிடுங்கள். சும்மா கிடந்த ரெஞ்சின் முதல் கிளிக்கை நம்பக்கூடாது. சதுர முனையை வைஸில் (பட்டறை மேசையில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி) இறுக்குங்கள். கைப்பிடி கிடைமட்டமாக நிற்க வேண்டும். பிடியின் நடுவில் 10 கிலோ எடை, முனை மையத்திலிருந்து 40 செ.மீ. என்றால்: 10 × 9.81 (புவியீர்ப்பு) × 0.4 = 39.2 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு).

பலரும் கோட்டைவிடுவது ரெஞ்சின் சொந்த எடையில்தான். 1.2 கிலோ ரெஞ்ச், முனையிலிருந்து 18 செ.மீ.யில் விரல்மேல் சமமாக நின்றால் இன்னும் 2.1 சேரும். ஆக 41.3.

ரெஞ்சின் அளவை 38இல் வைத்து, எடையை மெல்லப் பிடியில் தொங்கவிடுங்கள். வெடுக்கென்று விட்டால் முன்னதாகவே கிளிக் ஆகிவிடும். எடையைத் தூக்கிவிட்டு அளவைச் சிறிது ஏற்றி மறுபடி பாருங்கள். கிளிக் நிற்கும் அளவு 39.7க்கும் 42.9க்கும் இடையே, அதாவது ±4 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. தாண்டினால் நீங்களே ஸ்க்ரூவைத் திருகாதீர்கள், காலிபரேஷனுக்கு (அளவைச் சோதித்துச் சரிசெய்ய) அனுப்புங்கள்.