காற்றும் கடலும் படிக்கக் கிளம்பும் வடசென்னைப் பிள்ளைகள் கவனிக்க

ஏரோவோ மெக்கானிக்கலோ முடித்துவிட்டு, காற்றும் நீரும் ஓடும் விதத்தை ஆராயும் பாய்ம இயக்கவியலில் பிஎச்.டி.க்கு யோசிக்கும் தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த காலேஜ்ணா கெத்து?" என்பதுதான். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நான்கைந்து வருஷம் மல்லுக்கட்டப் போவது ஒரு கேள்வியோடும் ஒரு வழிகாட்டியோடும். எரிதலா, கொந்தளிப்பான ஓட்டமா, ஒலியை மிஞ்சிய வேகமா, எதை ஆராய்வது என்று முடிவு செய்யாமல் போனால், நேர்காணலில் "ஏன் இந்தத் துறை?" என்றதும் திணற வேண்டியதுதான்.

பீச் ஸ்டேஷனில் தாம்பரம் ரயில் ஏறினால் கிண்டியில் இறங்கி ஐஐடி, குரோம்பேட்டையில் இறங்கி அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போய், அங்கே ஆய்வு செய்கிற மாணவர்களிடம் பேசுங்கள். நீங்கள் சேர நினைக்கும் வழிகாட்டியிடம் சேர்ந்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடிக்கிறார்கள் என்பதை எந்த இணையதளமும் சொல்லாது.

அடுத்தது, சிஎஃப்டி மோகம், அதாவது ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் மோகம். ஃபுளூயண்ட் என்ற சாஃப்ட்வேரில் ஓர் இறக்கையை ஓடவிட்டு, சிவப்பும் நீலமுமாகப் படம் எடுத்துவிட்டால் அது ஆராய்ச்சி ஆகிவிடாது. கணக்குக்காக இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வலையை இன்னும் நெருக்கமாக்கினால் விடை மாறுகிறதா, காற்றுச்சுரங்க அளவீட்டோடு ஒப்பிட்டீர்களா என்றுதான் நேர்காணலில் கேட்பார்கள். இறக்கை தூக்குவிசையை இழக்கத் தொடங்கும் ஸ்டால் கோணத்துக்கு அருகே, கொந்தளிப்பைக் கணக்கிடும் கே-எப்சிலான் மாதிரியை எடுத்தவரிடம், ஓட்டம் இறக்கையை விட்டுப் பிரியும் இடத்தில் அது தடுமாறுமே, பிறகு ஏன் எடுத்தீர்கள் என்பார்கள். "சாஃப்ட்வேரில் அதுதான் இருந்தது" என்று பதில் சொன்னவர்கள் உண்டு! ஓப்பன்ஃபோம் என்ற சிஎஃப்டி சாஃப்ட்வேர் இலவசம்தான், ஆனால் பாய்மத்தின் ஓட்டத்தைச் சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டின் ஒவ்வொரு உறுப்பும் என்ன சொல்கிறது என்று தெரியாமல் அதைத் திறந்து பயனில்லை.

விமானம் மட்டுமே பாய்ம இயக்கவியல் என்று நினைப்பது எனக்கு ரொம்பவே வருத்தம் தரும் தவறு. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் வந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணல் தடைபட்டது. மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்துக்கொண்டே போக, கல் கொட்டித் தடுத்தார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் எந்தக் கரையில் ஒதுங்கும் என்று கணிப்பதும் இதே பாடம்தான். கடல்சார் பொறியியல், பயன்பாட்டு இயந்திரவியல், வேதிப் பொறியியல் துறைகளிலும் இந்த ஆய்வுக்கு இடம் உண்டு. ஏரோ துறைக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு, கிடைக்கவில்லை என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வின் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும் என்பதை மறந்து சிலர் அவசரப்பட்டு உதவித்தொகையே இல்லாத இடத்தில் சேர்கிறார்கள். ஐஐடிகளில் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. "இன்னும் எத்தன வருஷம்டா படிப்ப?" என்று கேட்கும் வீட்டில் முதலில் சொல்ல வேண்டிய கணக்கு இது. சேர்ந்த பிறகு, காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் ஆய்வுக் கட்டுரை போடும் இதழ்களின் பக்கமே போகாதீர்கள்.

வெளிநாடு என்றால் ஏஜென்ட்டிடம் பணம் கட்டத் தேவையில்லை. ஜெர்மனியில் பல பிஎச்.டி. இடங்கள் சம்பளமுள்ள வேலைகள். விளம்பரம் பார்த்து நேராகவே விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் ராக்கெட், ராணுவம் தொடர்பான சில திட்டங்களில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வெளிநாட்டவரைச் சேர்க்க முடியாது. நீங்கள் சேர நினைக்கும் ஆய்வகத்தில் இப்போது வெளிநாட்டு மாணவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.