இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் இருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ துணையிருப்பது எப்படி? முதன்முறை உடனிருப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

இதயத் தசை வலுவிழந்தோ விறைத்துப்போயோ, உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அனுப்ப இயலாமல் போகும் நிலையைத்தான் மருத்துவர்கள் ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயச் செயலிழப்பு, என்கிறார்கள். அந்த நிலையில் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்த நீர் நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறும்; கால்களிலும் வயிற்றிலும் தேங்கினால் வீக்கம் காணும். முதல் சில நாட்களில் மருத்துவமனையில் நடக்கும் சிகிச்சையின் பெரும்பகுதி, தேங்கிய நீரை வெளியேற்றுவதுதான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், தினமும் எடை பார்ப்பது எதற்கு, சிறுநீரை அளப்பது எதற்கு, தாகம் என்று கேட்டாலும் தண்ணீரைக் குறைக்கச் சொல்வது எதற்கு என்பதெல்லாம் தாமாகவே விளங்கும்.

என் கணவருக்குத் துணையாக வார்டில் இருந்தபோது செவிலியர்களிடம் கற்றுக்கொண்டவற்றையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். மருந்தின் அளவிலும் தண்ணீரின் அளவிலும் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவானது.

முதல் படி: சாப்பிட்டுவந்த எல்லா மருந்துகளையும் கொண்டுவாருங்கள்

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பழைய எக்கோ (இதய ஸ்கேன்), இசிஜி, இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதையும் விட்டுவிட வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தங்க வைப்பதோடு சிறுநீரகத்தையும் பாதிக்கின்றன என்பதால், நோயாளி மோசமானதற்கு அவையே காரணமாக இருக்கக்கூடும். இடையில் மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதையும், மதுப்பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். கணவரின் மானம் போய்விடுமே என்று இதை மறைக்கும் மனைவியரை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சரியான சிகிச்சைதான் தாமதமாகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையோ தனியார் காப்பீடோ இருந்தால், சேர்க்கும்போதே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: தண்ணீர்க் கணக்கு

உடனிருப்பவர் செய்யக்கூடிய வேலைகளில் மிகவும் பயனுள்ளதும், மிகவும் மனத்தை வருத்துவதும் இதுதான். பல நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று அளவு சொல்லுவார்கள். சிலருக்கு அது கூடும், சிலருக்குக் குறையும். இந்த அளவில் குடிதண்ணீர் மட்டுமல்லாமல் காபி, டீ, பால், மோர், ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்கக் கொடுக்கும் தண்ணீர் எல்லாமே அடங்கும்.

எளிய வழி ஒன்று உண்டு. காலையில் மருத்துவர் சொன்ன அளவுத் தண்ணீரைப் பாட்டில்களில் நிரப்பிக் கட்டிலருகே வைத்துவிடுங்கள். நோயாளிக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தால், அதே டம்ளரால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துத் தனியே ஊற்றிவிடுங்கள். மதியம் ரசம் ஊற்றினால் அதற்கும் அப்படியே செய்யுங்கள். மாலையில் பாட்டிலில் எவ்வளவு மிச்சமோ, இரவுக்கு அவ்வளவுதான் என்பது நோயாளிக்கும் கண்ணால் பார்த்தே தெரிந்துவிடும். நீங்கள் மறுப்பதாக அவருக்குத் தோன்றாது.

ஆனாலும் தாகம் எடுக்கும். “ஒரு வாய் தண்ணி குடும்மா” என்று அவர் கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லலாம். ஈரத் துணியால் உதட்டை நனைத்துவிடலாம். செவிலியர் அனுமதித்தால் ஒரு சிறு பனிக்கட்டியை வாயில் வைத்திருக்கச் சொல்லலாம். பெரிய டம்ளரை விலக்கி, சிறிய டம்ளரில் பாதியளவு ஊற்றி, மெதுவாகக் குடிக்கக் கொடுத்தால் மனம் கொஞ்சம் நிறையும். பார்க்க வருகிறவர்கள் அன்போடு வாங்கிவரும் இளநீரையும் பழச்சாற்றையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். அவற்றில் நீரோடு பொட்டாசியமும் மிகுதியாக உள்ளது; இதயத்துக்குத் தரும் சில மருந்துகளும் இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை என்பதால், இரண்டும் சேர்ந்து இதயத் துடிப்பின் சீரையே குலைத்துவிடலாம்.

மூன்றாம் படி: எடையும் சிறுநீரும் வீக்கமும்

ஒரு நோட்டில் தேதி போட்டு நான்கு கட்டங்கள் வரையுங்கள்: எடை, குடித்த அளவு, சிறுநீர் அளவு, வீக்கம். எடையைக் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, பலகாரம் சாப்பிடும் முன், ஏறக்குறைய ஒரே மாதிரியான உடையில் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை என்பதால், ஒரே நாளில் ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் வெளியேறியிருக்கிறது என்று கொள்ளலாம். நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் ஊசி போட்டபின் சிறுநீர் நிறையப் போகும்; கழிவறைக்கு நடந்து போகிறவர் என்றால், செவிலியர் தரும் அளவுக் குடுவையில் பிடித்து அளந்த பிறகே கொட்ட வேண்டும்.

வீக்கத்தைப் பார்க்க ஒரு மூத்த செவிலியர் எனக்குச் சொல்லித் தந்த முறை இது. கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலை வைத்துச் சில நொடிகள் அழுத்தி எடுங்கள். நீர் இருந்தால் விரல் பதிந்த இடம் குழியாகவே நின்று, மெல்ல மெல்ல நிரம்பும். படுக்கையிலேயே கிடப்பவருக்குக் கால் வற்றியதுபோல் தெரிந்தாலும், நீர் முதுகின் அடிப்பகுதியில் இறங்கியிருக்கலாம். உடல் துடைக்கும்போது அங்கேயும் அழுத்திப் பாருங்கள்.

நான்காம் படி: ரவுண்ட்ஸ் வரும்போது கேட்க வேண்டியவை

மருத்துவர் கட்டிலருகே நிற்பது சில நிமிடங்கள்தான் என்பதால், கேள்விகளை முன்னிரவே எழுதி வைத்துவிடுங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பேசுவது என்று முடிவு செய்துகொள்வது நல்லது. முதலில் கேட்க வேண்டியது, இந்த நிலை எதனால் வந்தது என்பதுதான்: இரத்தக்குழாய் அடைப்பா, இரத்த அழுத்தமா, வால்வுக் கோளாறா, வேறு ஏதேனுமா? அடுத்து எக்கோவில் ஈஎஃப் எவ்வளவு என்று கேளுங்கள். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்பதே அந்த எண். பொதுவாக அது 55-க்கு மேல் இருக்கும். 40-உம் அதற்குக் கீழும் என்றால் தசை வலுவிழந்துள்ளது என்று பொருள். 35 என்று கேட்டவுடன் இதயத்தில் 35 விழுக்காடுதான் மிச்சம் என்று எண்ணி அழ வேண்டாம். நல்ல இதயமும் நூறு விழுக்காடு தள்ளுவதில்லை. மருந்துகளால் இந்த எண் சில மாதங்களில் உயர்வதும் உண்டு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவையும், இரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தின் அளவையும் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இரவுகள்

மட்டமாகப் படுத்தால் நீர் நுரையீரல் பக்கம் ஏறி மூச்சு முட்டும் என்பதால், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியே வையுங்கள். வயதானவர்கள் சிலர் இரவில் இடம் புரியாமல் குழம்பி, ஊசிக்குழாயைப் பிடுங்க முற்படுவார்கள். அவரது கண்ணாடியையும் காதுக்கருவியையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, நீங்கள் யார், இது எந்த இடம், இப்போது மணி என்ன என்று தணிந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். குழப்பம் திடீரென்று வந்ததென்றால் செவிலியரிடமும் உடனே தெரிவியுங்கள்.

அவர் பயந்திருப்பார். “ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும்” என்று வாயை அடைத்துவிடாமல், அவர் பேசுவதைக் கேளுங்கள். வென்டிலேட்டர் வைக்கும் நிலை வந்தால் தமக்கு என்ன விருப்பம் என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே பேசிவிடுவது, பின்னர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் உங்கள் கைக்குப் பெரிய ஆறுதல். உங்களுடைய சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் தவறவிடாதீர்கள். ஓர் இரவாவது மகனையோ உடன்பிறந்தவரையோ மாற்றிவிட்டு வீட்டில் உறங்குங்கள்.

ஆறாம் படி: டிஸ்சார்ஜ்

டிஸ்சார்ஜ் அன்று எல்லோரும் பில் கட்டும் வேலையில் மும்முரமாகிவிடுவதால், முக்கியமானவற்றை முந்தின நாளே கேட்டுவிடுங்கள். நீர் வடிந்தபின் உள்ள எடை எவ்வளவு? பழைய மாத்திரைகளில் எவை நின்றுவிட்டன? அடுத்த பரிசோதனை எப்போது? வீட்டுக்குப் போன ஓரிரு வாரத்துக்குள் மருத்துவரைப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் நீர் மறுபடி சேர்வது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். டாபாக்ளிஃப்லோசின் போன்ற மாத்திரையைப் பார்த்து, “இவருக்குச் சர்க்கரையே இல்லையே” என்று நிறுத்திவிட வேண்டாம். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இதயத்துக்காக அதைத் தருகிறார்கள்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு, வத்தல் ஆகியவற்றை வீட்டிலிருந்தே அகற்றிவிடுங்கள். இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதையும் வாங்க வேண்டாம்.

வீட்டிலும் தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாட்களில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினாலோ, கால் வீக்கம் திரும்பினாலோ, ஒரு தலையணை போதாமல் இரண்டு கேட்டாலோ, நள்ளிரவில் மூச்சுமுட்டி எழுந்து உட்கார்ந்தாலோ, பரிசோதனை நாள் வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். உட்கார்ந்திருந்தும் மூச்சுத் திணறினாலோ, நுரையோடு இளஞ்சிவப்புச் சளி வந்தாலோ, மயங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். நினைவோடு இருப்பவரைக் கால்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார வையுங்கள். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வண்டி வரும்வரை குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலும் மாத்திரைப் பட்டியலும் உங்கள் கைப்பேசியிலும் பிள்ளைகளின் கைப்பேசியிலும் படமாக இருக்கட்டும்.