ஸ்பீக்கரில் ஓயாத முனகலா? புதுச் சவுண்ட் கார்டு வாங்குமுன் இதைப் பாருங்கள்

பாட்டே ஓடாதபோதும் ஸ்பீக்கர் "ம்ம்ம்" என்று முனகினால் உடனே சிங்கப்பூரின் கணினிக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்கொயருக்குக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் கோளாறு கார்டில் இல்லை, ஒயர்களில் இருக்கும்.

முதலில் ஸ்பீக்கரை அணையுங்கள். அப்போதும் கீச்சென்று கேட்டால் அது கிராஃபிக்ஸ் கார்டிலோ மின்வழங்கியிலோ உள்ள கம்பிச்சுருள் அதிரும் சத்தம். ஆடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஆடியோ ஒயரை ஸ்பீக்கர் பக்கத்திலேயே கழற்றுங்கள். (ஒரு முனை தொங்கும் ஒயர் ஆன்டெனா போல இரைச்சலைப் பிடிக்கும்.) சத்தம் தொடர்ந்தால் குற்றவாளி ஸ்பீக்கர்தான். நின்றால், கணினியின் பின்பக்கத் துளையில் ஹெட்ஃபோனை மாட்டிக் கேளுங்கள். அதில் சுத்தமாகக் கேட்கிறது, ஸ்பீக்கரில் மட்டும் முனகுகிறது என்றால் அது எர்த் லூப்.

கணினிக்கு மூன்று கால் பிளக் வழியாக எர்த் உண்டு. ஸ்பீக்கருக்கோ அதோடு இணைந்த ஆம்ப்ளிஃபையருக்கோ தனி எர்த் இருந்தால், ஆடியோ ஒயரின் வெளிவலை இரண்டையும் இணைத்து ஒரு வளையமாக்கிவிடும். அதில் ஓடும் சிறு மின்னோட்டம் இசையோடு கலக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் முனகல் 50, 100 ஹெர்ட்ஸில் கேட்கும். மவுஸை நகர்த்தும்போது கிர்ரென்று மாறும் ஒலியும் பெரும்பாலும் இதே வழியில்தான் வருகிறது.

மடிக்கணினியில் சோதிப்பது சுலபம்: சார்ஜரைப் பிடுங்கியதும் அமைதியானால் சந்தேகமே வேண்டாம்.

செலவில்லாத வைத்தியம், கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுவது. யூஎஸ்பியில் மின்சாரம் எடுத்து 3.5 மி.மீ. ஒயரில் ஒலி வாங்கும் சிறு ஸ்பீக்கர் என்றால், யூஎஸ்பியைக் கணினியிலிருந்து எடுத்துக் கைத்தொலைபேசி சார்ஜரில் மாட்டுங்கள். எர்த் கால் பிளாஸ்டிக்காக உள்ள சார்ஜரில் எர்த் தொடர்பே கிடையாது, வளையம் அறுந்துவிடும். இவை பலிக்காவிட்டால், மின் இணைப்பை அறுத்து ஒலியை மட்டும் கடத்தும் ஆடியோ ஐசொலேட்டர் ஒன்றை ஒயரின் நடுவே போடலாம். உள்ளே இருப்பது இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள். மலிவானவை ஆழ்ந்த பேஸை விழுங்கும். ஸ்பீக்கரில் ஒலியை ஒளியாக வாங்கும் ஆப்டிகல் துளை இருந்தால் அதுவே உத்தமம், ஒளிக்கு எர்த் ஏது?

எர்த் காலை மட்டும் எக்காரணம் கொண்டும் துண்டிக்காதீர்கள். முனகல் போகும், ஆனால் கணினிப் பெட்டியில் 230 வோல்ட் கசிந்தால் அது போக வேண்டிய வழியும் போய்விடும்.

ஹெட்ஃபோனிலும் இரைந்தால்? முன்பக்கத் துளைதான் வழக்கமான காரணம். அதன் ஒயர் கிராஃபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு போகும். பெட்டியின் அடிவிளிம்போடு ஒதுக்கிவிடுங்கள், அல்லது பின்துளையைப் பயன்படுத்துங்கள். பிளக்கைத் திருகினால் கரகரத்தால் துளையில் ஆக்சைடு படிந்திருக்கிறது. இந்த ஊர் ஈரத்துக்கு அது சகஜம். மின்சாரத்தை அணைத்து, பிளக்கில் கான்டாக்ட் கிளீனர் சிறிது அடித்துப் பத்து முறை செருகி எடுங்கள். இதற்கும் சரிவராவிட்டால் வெளியே இருக்கும் யூஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கேற்ற சிக்னலாக மாற்றும் சிறு கருவி) வாங்கலாம். ஆனால் எர்த் லூப்பை அது தீர்க்காது.

பக்கத்தில் கைத்தொலைபேசி இருந்தால் "டிட்-டிட்-டிட்" என்று வந்த பழைய சத்தம் நினைவிருக்கிறதா? அது 2ஜியின் வேலை. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நின்றுவிட்டதால், இன்றைய இரைச்சலுக்குக் கைத்தொலைபேசியைத் திட்டிப் பயனில்லை.

சீரான "ஸ்ஸ்ஸ்" வேறு கதை. விண்டோஸில் ஒலி அளவை 80 விழுக்காட்டுக்கு ஏற்றி, ஸ்பீக்கர் குமிழைக் குறையுங்கள். மைக்கில் சீறினால் மைக்ரோஃபோன் பூஸ்ட்டை 30 டெசிபெல்லிலிருந்து 10க்கு இறக்கி, மைக்கை வாயருகே கொண்டுவாருங்கள். பாட்டின் நடுவே சடசடவென்று வெட்டினால் ஒயரைத் தேடாதீர்கள். லேட்டன்சிமான் (LatencyMon) மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) இழுத்தடிக்கிறது என்று காட்டும். அடிக்கடி மாட்டுவது வைஃபை டிரைவர்.