குரலைக் குறை சொல்வதற்கு முன்: ஆஸியின் கடைசி ஆல்பங்களைக் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆஸிக்குக் குரலே போய்விட்டது, எல்லாம் கம்ப்யூட்டர் வேலை" என்பார் ஒருவர். "எழுபத்து மூன்று வயதில் இப்படிப் பாடுகிறாரே, அதற்கே ஒரு கும்பிடு போட வேண்டும்" என்பார் இன்னொருவர். பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் கடைசி இரண்டு ஆல்பங்களான 'ஆர்டினரி மேன்' (2020), 'பேஷண்ட் நம்பர் 9' (2022) பற்றி ஹெவி மெட்டல் ரசிகர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் போய் நிற்கிறது. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. முதலாமவர் ஆஸியைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு, ஸ்டூடியோவில் வேறு யாரோ செய்த வேலையைத் திட்டுகிறார். இரண்டாமவர் பாட்டைக் கேட்கவில்லை. மருத்துவ அறிக்கையைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

கம்ப்யூட்டர் என்கிற குற்றச்சாட்டிலிருந்து தொடங்குவோம். அந்தக் காலத்து ஆஸியின் குரல் எந்த ஒப்பனையும் இல்லாமல் அப்படியே பதிவானது என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. 1980இல் வந்த 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்' ஆல்பத்திலேயே ஒரே வரியை இரண்டு முறை பாடி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். இரண்டு பதிவுகளும் மயிரிழை அளவுக்கு ஒத்துப்போகாமல் இருப்பதால்தான் அந்தக் குரலுக்கு ஒரு தடிமனும், லேசாக அமானுஷ்யமான ஒரு பளபளப்பும் வருகின்றன. நாம் 'ஆஸியின் குரல்' என்று மனத்தில் வைத்திருப்பதே இந்த இரட்டைக் குரலைத்தான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒரு வரியை நீட்டி முடிக்கும் இடத்தில் மட்டும் காதைக் கூர்மையாக்குங்கள். ஒரு குரல் அடங்கிய பிறகு இன்னொன்று நூலளவு தாமதமாக அடங்கும். ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அதன் பிறகு காதை விட்டுப் போகாது.

ஆகவே ஸ்டூடியோ உதவி பெற்றது குற்றம் என்றால் தண்டனை 1980இலிருந்து தொடங்க வேண்டும். சரி, அப்படியானால் புதிய ஆல்பங்களில் குறையே இல்லையா? இருக்கிறது. என் காதுக்கு இரண்டிலும் குரலை அளவுக்கு மீறி இழைத்திருக்கிறார்கள். பழைய இரட்டைப் பதிவில் இருந்த அந்தச் சிறிய பிசிறுதான் அழகு. இங்கே பிசிறையே சீவி எடுத்துவிட்டார்கள். ஆனால் இது தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட்டின் ரசனை பற்றிய புகார். 1990இல் பிறந்தவர், அவர் தலைமுறையின் பாப் இசை அப்படித்தான் ஒலிக்கிறது. "வயதாகிவிட்டது" என்ற தீர்ப்பை இதிலிருந்து எழுத முடியாது.

அடுத்தது சுருதி. கிதார்களைத் தாழ்ந்த சுருதியில் வைத்திருந்தால், "பாவம், மேல் ஸ்தாயி எட்டவில்லை, அதனால் இறக்கிவிட்டார்கள்" என்று உடனே உச்சுக்கொட்டுவார்கள். மேடையில் அப்படி இறக்குவது உண்டுதான். ஆனால் ஆஸி தனியாகப் பாடுவதற்கு முன் பாடிய குழுவான பிளாக் சப்பாத் தன் மூன்றாவது ஆல்பத்திலேயே, 1971இல், கிதாரை ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறக்கிவிட்டது. அப்போது ஆஸிக்கு வயது இருபத்திரண்டு. அக்குழுவின் கிதார் கலைஞர் டோனி ஐயோமி பதினேழு வயதில் ஆலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். கம்பி தளர்ந்தால் அவருக்கு வாசிப்பது எளிது, ஒலியும் கனக்கும். இந்த இசைவகையின் அடையாளமே அந்தக் கனம்தான். தாழ்ந்த சுருதியைக் கேட்டதும் முதுமை என்று முடிவுகட்டுவது, மழையைப் பார்த்துவிட்டு வானம் அழுகிறது என்பது போல.

இப்போது என் சொந்த அசட்டுத்தனம் ஒன்று. பல வருடங்களாக, "ஆஸியின் முதல் இரண்டு தனி ஆல்பங்களில் இருந்த அந்தத் தாளத்தின் உயிர் பிற்காலத்தில் இல்லை" என்றோ, அதற்கு நேர்மாறாகவோ, விவாதத்தின் சூட்டுக்கு ஏற்றபடி பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நண்பர் ஒருவர் தன் பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டார். நான் மனப்பாடமாக அறிந்த பாட்டு. ஆனால் டிரம்ஸ் வேறு மாதிரி உருண்டது, பேஸ் கிதார் நான் அறியாத ஒரு வழியில் போய்த் திரும்பியது. இசைத்தட்டு பழுதாகிவிட்டது என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். என்னிடம் இருந்தது 2002 பதிப்பு.

விஷயம் இதுதான்: பாப் டெய்ஸ்லி பேஸும் லீ கெர்ஸ்லேக் டிரம்ஸும் வாசித்த 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்', 'டைரி ஆஃப் எ மேட்மேன்' இரண்டையும் 2002இல் மறுபதிப்புச் செய்தபோது, அவ்விருவரின் வாசிப்பையும் நீக்கிவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் வைத்துப் புதிதாகப் பதிவுசெய்து ஒட்டினார்கள். அந்தப் பழைய கலைஞர்களுடன் உரிமைத்தொகை குறித்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. 2011 பதிப்பில்தான் மூல வாசிப்பு திரும்பி வந்தது. 'டைரி' ஆல்பத்தின் கதை இன்னும் விசித்திரம்: 1981இல் வந்த மூல அட்டையிலேயே வாசித்தவர்களின் பெயரைப் போடாமல், அடுத்து இசைக்குழுவில் சேர்ந்த ரூடி சார்ஸோ, டாமி ஆல்ட்ரிட்ஜ் ஆகியோரின் பெயரை அச்சிட்டிருந்தார்கள். ஆக, "பழையதுபோல் இல்லை" என்று சொல்வதற்கு முன் நம்மிடம் இருக்கும் பழையது உண்மையிலேயே பழையதுதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பாடல் வரிகள் விஷயத்திலும் இதே கதைதான். "அந்தக் காலத்தில் என்னமாய் எழுதினார், இப்போது மற்றவர்கள் எழுதித் தருகிறார்கள்" என்று வருத்தப்படுகிறவர்களுக்கு: சப்பாத்தின் வரிகளில் பெரும்பகுதி பேஸ் கலைஞர் கீஸர் பட்லர் எழுதியவை. தனி வாழ்க்கையின் ஆரம்ப ஆல்பங்களுக்கு எழுதியவர் மேலே சொன்ன பாப் டெய்ஸ்லி. 1991இல் வந்த 'நோ மோர் டியர்ஸ்' ஆல்பத்தில் நான்கு பாடல்களுக்குப் பேனா பிடித்தவர்களில் மோட்டர்ஹெட் குழுவின் லெம்மியும் உண்டு. மற்றவர்கள் எழுதியதைத் தன் வாக்குமூலம் போல ஒலிக்கச் செய்வதுதான் ஆஸியின் வித்தை. அது அவரிடம் கடைசிவரை இருந்ததா என்று கேட்டால் அது நல்ல கேள்வி.

விருந்தினர் பட்டியலைப் பார்த்துவிட்டு ஆல்பத்தை எடைபோடுவது இன்னொரு பழக்கம். 2020 ஆல்பத்தில் எல்டன் ஜான், ஸ்லாஷ், போஸ்ட் மலோன். 2022இல் ஜெஃப் பெக், எரிக் கிளாப்டன், டோனி ஐயோமி. ஒரு சாரார் பெயர்களைக் கண்டே மயங்குகிறார்கள், மறு சாரார் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளிக்கிறார்கள். யார் வந்தார் என்பதைவிட எங்கே வந்தார் என்று கேளுங்கள். 'பேஷண்ட் நம்பர் 9' தலைப்புப் பாட்டில் ஜெஃப் பெக்கின் கிதார் அலங்காரத்துக்கு வரவில்லை. குரல் பாதியில் விட்ட பேச்சைத் தொடர்வது போல நுழைகிறது. ஆல்பம் வந்து நான்கு மாதத்தில், 2023 ஜனவரியில், அவர் இறந்துபோனார். எல்லா விருந்தினர்களும் இப்படிப் பொருந்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள்.

ஒலியளவைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய ஆல்பம் கேட்டுக் காது களைத்துப்போனால் பழி பாடகர்மேல் விழுகிறது. பெரும்பாலும் காரணம் மாஸ்டரிங், அதாவது பதிவு முடிந்த பின் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு. மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே உயரத்துக்கு நசுக்கிவிடுகிறார்கள். 2008இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோது, அதே பாடல்கள் 'கிடார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் நசுக்கப்படாமல் தெளிவாக ஒலிப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்துச் சண்டை போட்டார்கள். ஆகவே பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் கேட்கும்படி குமிழைத் திருகிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது சத்தத்தை மட்டும்தான்.

கடைசியாக, நோய். இதில்தான் ரசிகர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், அதுவும் அன்பினால். அயர்ன் மெய்டன் குழுவின் 'தி புக் ஆஃப் சோல்ஸ்' 2015 செப்டம்பரில் வந்தது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் அதே ஆண்டு முற்பகுதியில் நாக்கின் பின்பகுதியில் வந்த புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தார். உடனே, "சிகிச்சைக்குப் பிறகும் என்ன குரல்!" என்று பலர் உருகினார்கள். ஆனால் அந்த ஆல்பத்தின் பதிவு 2014லேயே முடிந்துவிட்டது. அவர்கள் வியந்தது சிகிச்சைக்கு முந்தைய குரலை. அடுத்த ஆல்பமான 'செஞ்சுட்ஸு' 2019இல் பதிவாகி 2021இல்தான் வெளிவந்தது. அட்டையில் உள்ள வருடம் கடையில் வந்த வருடம். பாடிய வருடம் வேறாக இருக்கலாம்.

ஆஸி தனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை வெளியில் சொன்னது 2020 ஜனவரியில். 'ஆர்டினரி மேன்' வந்தது பிப்ரவரியில். அந்த ஒரு மாத இடைவெளியில், கேட்கப்படாத ஆல்பம் விடைபெறும் கடிதமாகிவிட்டது. 2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்ஹாமின் வில்லா பார்க்கில் சிம்மாசனத்தில் அமர்ந்தபடி பாடினார், ஜூலை 22ஆம் தேதி இறந்தார். அதன் பிறகு ஒவ்வொரு வரியிலும் மரணத்தைத் தேடுகிறார்கள். சாவைப் பற்றி 1970இலிருந்தே பாடியவர் அவர். இருபது வயதில் பாடினால் நடிப்பு, எழுபதில் பாடினால் தீர்க்கதரிசனம் என்று பிரிப்பது அவருக்கு நியாயமாகாது. பரிதாபப்பட்டு மதிப்பெண் போடவும் தேவையில்லை. 'பேஷண்ட் நம்பர் 9' சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருது வாங்கியது. அதில் நான் தாண்டிவிட்டுப் போகும் பாடல்களும் மூன்று நான்கு இருக்கின்றன.

தாண்டாமல் நிற்கும் ஒரு பாட்டு 'டெக்ரடேஷன் ரூல்ஸ்'. ஐயோமி ஆஸியின் தனி ஆல்பத்துக்கு வாசித்தது அந்த ஆல்பத்தில்தான் முதல்முறை. கிதார் பழைய சப்பாத் போலவே கனமாக இறங்குகிறது. அதன் நடுவே ஒரு மவுத் ஆர்கன் வருகிறது. 1969இல், இருபது வயதில், சப்பாத்தின் முதல் ஆல்பத்தில் 'தி விஸார்ட்' பாட்டுக்கு வாசித்த அதே ஆள், ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து மறுபடி ஊதுகிறார். அந்த இடத்தை இரண்டு பாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். குரலை யார் இழைத்தார்கள், வரியை யார் எழுதினார்கள் என்ற வழக்குகள் எதுவும் அங்கே இல்லை. மூச்சு அவருடையது.