பழைய காரில் ஐடிலிங் இறங்க மறுக்கிறதா? இப்படித் தேடிப் பாருங்கள்

பெட்ரோல் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏசியை அணைத்து நியூட்ரலில் விட்டால், பெரும்பாலான கார்களில் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம், ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) 650-லிருந்து 900-க்குள் நிற்கும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் 1200, 1500 என்று காட்டுவது கோளாறு இல்லை, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். சூடான பிறகும் இறங்காவிட்டால்தான் நமக்கு வேலை.

அவசரப்பட்டு, ஐடிலிங்கைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். மிதிக்காமலே இன்ஜின் வேகமாக ஓடுகிறது என்றால் வேண்டாத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவில் கை வைத்தால் ஒரு கோளாறு இரண்டாகும்.

முதலில் ஆக்சிலரேட்டர் கேபிள். இன்ஜினை அணைத்துவிட்டு, த்ராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) பக்கம் கேபிள் கொஞ்சம் தளர்வாக இருக்கிறதா, மிதித்து விட்டால் லீவர் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். (மிதியடி பெடலில் சிக்கியிருந்த கதையும் உண்டு, சிரிக்காதீர்கள்.) லீவர் திரும்பாமல் ஒட்டிக்கொண்டால் த்ராட்டில் தகட்டில் கரி படிந்திருக்கும், அதற்கான கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும்.

அடுத்தது வேக்கம் ஹோஸ்கள், அதாவது இன்ஜினின் உறிஞ்சும் இழுவையை மற்ற பாகங்களுக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்கள். பழைய காரில் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் இவற்றின் மேல்தான், ஏனென்றால் இன்ஜின் சூட்டில் வருஷக்கணக்காகக் கிடந்த ரப்பர் வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கியரை நியூட்ரலில் (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்) போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, வண்டியைத் திறந்த வெளியில் ஓடவிட்டு, 'உஸ்' சத்தம் எங்கே வருகிறது என்று கேளுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கையும் துணியும் போகக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு ஹோஸாக பிளையரால் மெதுவாக அமுக்குங்கள். எதை அமுக்கும்போது ஆர்பிஎம் நன்றாக இறங்குகிறதோ அந்த வழியில்தான் காற்று போகிறது. பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பாகம்) போகும் தடித்த ஹோஸை மறக்க வேண்டாம், அங்கே ஓட்டை இருந்தால் பிரேக் பெடலும் இறுகும். இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) இன்ஜினோடு சேரும் இடத்தில் இருக்கும் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சிலர் கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடிப்பார்கள். சூடான இன்ஜினில் அது தீப்பிடிக்கக்கூடிய சமாச்சாரம். இக்னிஷன் வயர்களில் படாமல் சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்தாலே, கசியும் இடத்தில் அது உறிஞ்சப்பட்டு ஐடிலிங் மாறும்.

ஹோஸ் எல்லாம் சரியா? அப்படியானால் ஐடிலிங்குக்கு வேண்டிய காற்றைக் காரின் கம்ப்யூட்டர் சொல்படி அளந்து விடும் ஐடில் கன்ட்ரோல் வால்வு. இன்ஜின் ஓடும்போது அதன் கனெக்டரைக் கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் வால்வு அநேகமாகச் சிக்கியிருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து பார்த்த பிறகு புதிது வாங்கலாம்.

வால்வு நன்றாக வேலை செய்தும் இறங்கவில்லையா? இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் வேகத்தைக் கூட்டியே வைத்திருக்கலாம். இன்ஜின் ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தாலோ உள்ளே காற்று அடைத்திருந்தாலோ டெம்பரேச்சர் சென்சாருக்குச் சரியான சூடு போய்ச் சேராது. சென்சாரையே மல்டிமீட்டரில் சோதிக்கலாம்: பல கார்களில் 20 டிகிரியில் 2000-லிருந்து 3000 ஓம் வரை இருக்கும், 80 டிகிரியில் சில நூறு ஓமாக இறங்கும். சூடேறியும் எண் இறங்கவில்லை என்றால் சென்சாரை மாற்றுங்கள்.

கார்புரேட்டர் வண்டி என்றால் இந்த வால்வு, சென்சார் கதையெல்லாம் பெரும்பாலும் கிடையாது. கேபிளும் ஹோஸும் பார்த்தபின், சூடான பிறகு சோக் (குளிரில் கிளப்புவதற்காகக் காற்றைக் குறைக்கும் தகடு) முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள்.